ஹாலில் ஒரு பந்தயம்

சிவப்புக் கார் சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

அவள் தரையில் குப்புறப் படுத்துத் துடைப்பத்தை உள்ளே விட்டாள்.

நாற்பத்தாறு வயதில் செய்கிற வேலையா இது.

கார் ஒட்டடையோடு வெளியே வந்தது. உள்ளங்கை நீளம்தான். அந்தக் காலத்துப் பந்தயக் கார் ஒன்றை அப்படியே சுருக்கிச் செய்தது. கண்ணாடி உடையவில்லை. புகைக்குழாய் வளையவில்லை.

போன உயிர் திரும்பி வந்தது.

தூசி துடைக்கத்தான் கணவருடைய கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். சத்தியமாக அவ்வளவுதான் எண்ணம். துணி பட்டதும் சக்கரம் சுற்றியது. சுற்றுகிற சக்கரத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

இப்போது ஆறு கார்களும் தரையில் இருந்தன.

பூஜையறை வாசலில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தாள். அதன் மேல் கார்களை நிறுத்தி, ஸ்கேலால் தடுத்து, சட்டென்று ஸ்கேலைத் தூக்குவாள். சமையலறைப் படிதான் எல்லைக்கோடு.

பச்சை பாதி வழியில் நின்றுவிடும். நீலம், பந்தி எந்தப் பக்கம் என்று தேடுகிற ஆளைப் போலச் சுவரோரமாகவே போகும்.

வாய்விட்டுச் சிரித்தாள். இந்த வீட்டில் தன் சிரிப்புச் சத்தத்தை இன்றுதான் கேட்டாள்.

ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. இருவருக்குமே தாமதமான கல்யாணம். நல்ல மனிதர், அதட்டிப் பேசத் தெரியாதவர். ஆனாலும் அவள் இன்னும் விருந்தாளியாகத்தான் நடமாடினாள். டம்ளரைக்கூட எடுத்த இடத்திலேயே வைப்பாள்.

பெண் பார்க்க வந்த அன்றே அவர் சொல்லியிருந்தார்.

“வீட்டுல எல்லாமே உங்களுதுதானுங்க. அந்த அலமாரி மட்டும்...”



அவரே வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் அந்தக் கார்களைத் தொடுவார். ஒன்றுகூட இதுவரை தரையைப் பார்த்ததில்லை.

இன்னும் ஒரே ஒரு தடவை, என்று ஸ்கேலைத் தூக்கினாள்.

இந்த முறை சிவப்பு நேராகப் போய்ப் படியில் முட்டி நின்றது. முதலிடம்.

வெளியே ஸ்கூட்டர் நின்றது. வேலை முடிந்து பீளமேட்டில் இருந்து இவ்வளவு சீக்கிரமா.

பலகை கதவுக்குப் பின்னால் போனது. கார்கள் அலமாரிக்குள் போயின. எது எங்கே இருந்தது என்று அவள் பார்த்து வைக்கவில்லை. பந்தயத்தில் வந்த வரிசையிலேயே வைத்தாள். சிவப்பு முதலில், பச்சை கடைசியில்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல் நேராக அலமாரியிடம் வந்தார்.

நின்றார்.

கண்ணாடி வழியே கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இது ஒரு ரேஸுங்க,” என்றார். “நான் பொறக்கறதுக்கு முன்னால நடந்தது. முடிஞ்ச வரிசையிலதான் வெச்சிருந்தேன். இந்தச் செவப்பு பாதியிலயே இஞ்சின் புகைஞ்சு, முடிக்கவே இல்லீங்க.”

துடைக்கும்போது மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். துணிகூடக் கையில்தான் இருந்தது.

பயமாக இருந்தது. ஆனாலும் முகத்தில் இருந்த சிரிப்பு போகமாட்டேன் என்றது.

“இன்னைக்கு முடிச்சிருச்சுங்க,” என்றாள்.

அவர் அலமாரியைத் திறந்தார். கையுறையை மறந்துவிட்டார்.

சிவப்பைத் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தில் அவளுடைய நரைமுடி ஒன்று சுற்றியிருந்தது. அதை மெல்ல உருவி எடுத்தார். சக்கரத்தை விரலால் சுண்டினார்.

அது சுற்றும் என்பதே இன்றுதான் தெரிந்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கடைசியில் இருந்த காரைக் கவனித்தார்.

“பச்சை?”

“பாதியில நின்னுருச்சுங்க.”

“அதெப்படிங்க நிக்கும்? ஜெயிச்ச வண்டிங்க அது.”

அவருக்கு நிஜமாகவே ரோஷம் வந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டார். ஹாலை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை அளந்து பார்த்தார்.

சோபாவின் ஒரு முனையைப் பிடித்தார்.

மறுமுனையை அவள் பிடித்தாள்.