தராசுக்காக வந்தவள்

"எனக்காக வரலை சார். என் ஃப்ரெண்டுக்காக வந்திருக்கேன்."

ஆலோசகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மாணவர்களுக்கு வேலை வழிகாட்டும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் கேட்டுக் காது புளித்த வசனம் அது. பெண்கள் ஒரு பையனை வைத்துச் சொல்வார்கள், பையன்கள் ஒரு தம்பியை வைத்துச் சொல்வார்கள். கடைசியில் அந்த ஃப்ரெண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள்தான்.

"உட்காரும்மா. ஃப்ரெண்டு பேரு?"

"பேர் வேண்டாம்னுட்டான் சார். என்கூட ஃபைனான்ஸ் கடைசி வருஷம். நாங்க தராசுன்னு கூப்பிடுவோம். ரெண்டு தட்டும் ஆடிக்கிட்டே இருக்கும், எந்தப் பக்கமும் இறங்காது."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நாளைக்கு சாருக்கு லீவு என்று வெளியே சொல்லிவிட்டதால், மன்றாடிக் கடைசி ஆளாக உள்ளே வந்திருந்தாள்.

"சரி, தராசுக்கு என்ன பிரச்சினை?"

"அவங்க அப்பா அவனை ஆடிட்டராக்கணும்கிறார். நாளைக்குக் காலையில அதுக்கான கோர்ஸ்ல சேர்த்துவிடப் போறார்."

"தராசுக்குப் பிடிக்கலையாக்கும்?"

"பிடிக்கலைன்னும் சொல்ல மாட்டேங்குறான் சார், அதான் கொடுமை. ஆடிட் ஆபீஸ்ல கொஞ்ச நாள் இருந்தான். தப்பான பில் ஒண்ணு மாட்டினா குஷிதான். ஆனா அந்தக் கடை எப்படி இருக்கும், கடைக்காரர் எப்படி இருப்பார்னு யோசிக்க ஆரம்பிச்சிடுவான். அப்புறம் வீட்டுக்குத் தெரியாம ஒரு கடன் கம்பெனிக்குப் போனான். கடை கடையா ஏறி, சரக்கைப் பார்த்து, இவருக்குக் கடன் கொடுக்கலாமான்னு சொல்ற வேலை. சாப்பாட்டையே மறந்துட்டான்."

"அப்புறமென்ன, அதுலயே போக வேண்டியதுதானே?"

"திருப்பிக் கட்டாதவங்க வீட்டுக்கும் போய் நிக்கணுமாம். ஒரு நாள் போயிட்டு வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. இப்ப பங்குச்சந்தைங்கிறான். நாளைக்கு இன்சூரன்ஸ்ம்பான். உட்கார்ந்தா எந்திரிக்கிறான், எந்திரிச்சா நடக்கிறான். பார்க்கிற எங்களுக்குத் தலை சுத்துது சார்."

ஜிப் மறுபடியும் கிர்ரென்றது. 'பாவம், தன் கதையை அடுத்தவன் தலையில் கட்டிச் சொல்ல எவ்வளவு பாடுபடுகிறாள்!' என்று ஆலோசகர் உள்ளுக்குள் இரக்கப்பட்டார்.

"அப்பாகிட்ட இதையெல்லாம் சொல்லியாச்சா?"

"எங்க சார்? குழப்பமெல்லாம் வேலையில்லாதவன் வியாதிங்கிறார். பேச்சு முடிஞ்சதுன்னா கையில இருக்கிற பேனாவை டக்குன்னு மூடிடுவாராம். அதுக்கு மேல அந்த வீட்டுல யாரும் வாயே திறக்கக் கூடாது."

"ஹிட்லர்தான் போ!" ஆலோசகருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "இந்த வயசுல குழம்பாம எப்பம்மா குழம்பறது? ஒரு வருஷம் கொடுக்கட்டும். நாலு இடத்துல வேலை பார்க்கட்டும், நாலு தடவை மனசு மாறட்டும். தானே ஒரு பக்கம் தட்டு இறங்கும். பிடிச்சுத் தள்ளினா தராசு உடைஞ்சுதான் போகும்!"

ஜிப் நின்றது.

"நிஜமாவே சொல்றீங்களா சார்? ஒரு வருஷம் கொடுக்கலாமா?"

"தாராளமா. என் பையனையே எடுத்துக்கோ, அவன் தெளிவு. சொன்னா ஒரே தலையாட்டல்தான். எல்லா வீட்டுலயும் அப்படி அமையுமா? குழம்பற பிள்ளைன்னா பெத்தவங்கதான் பொறுமையா இருக்கணும்."

அவள் ஜன்னல் வழியே கீழே ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"இதை அவங்க அப்பாகிட்ட யார் சார் சொல்றது?"

"நான் சொல்றேன். நீ கேள்விப்பட்டிருப்பியே, நான் பிள்ளைங்க எதிர்லயே அப்பாவுக்குப் போன் போட்டுப் பேசுற ஆளு. அந்தப் பேச்சுக்குத் தப்பின அப்பா இதுவரைக்கும் இல்லை."

"கேள்விப்பட்டுத்தான் சார் வந்தேன்."

"அப்புறமென்ன? உன் போன்லயே போடு."

"தெரியாத நம்பர்னா எடுக்க மாட்டாராம் சார்."

"எடுக்கிற வரைக்கும் போடும்மா. உன் அப்பா... சரி, சரி, உன் *ஃப்ரெண்டோட* அப்பா எப்படி எடுக்காம இருக்கார்னு நானும் பார்க்கிறேன்!"

சொல்லிவிட்டு, கையிலிருந்த பேனாவை டக்கென்று மூடி வைத்தார். அவள் அந்தப் பேனாவைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, ஒரு எண்ணை அழுத்தி, மேஜையின் நடுவில் வைத்தாள்.

ஆலோசகர் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானார்.

மேஜையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த அவருடைய போன் அடிக்க ஆரம்பித்தது.

"எடுங்க சார்," என்றாள் அவள். "உங்க பையன் கீழ வாசல்ல நடந்துக்கிட்டே இருக்கான். ஒரு வருஷம்னு அவங்க அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."