குண்டிக்காய் மூடிய கொழுப்பு

இப்போதெல்லாம் கொழுப்பைக் கழித்துவிட்டுக் கறி போடச் சொல்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்தால் உரித்த ஓணான் மாதிரி இருக்கின்றன.

இந்த டாக்டர் பெண்ணும் அந்த வகைதான். மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

கறுப்பும் சாம்பலுமாக ஒரு படம். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐம்பது வருடமாக ஆட்டு வயிறு கிழிக்கிற கை.

குண்டிக்காய்.

சுற்றிலும் கொழுப்பு, மெத்தை போட்ட மாதிரி.

அப்படி மூடியிருந்தால்தான் அது நல்ல ஆடு. அதைத்தான் தன் கறிக்கடையில் முன்னால் தொங்கவிடுவார்.

பக்கத்தில் மகன் சோணைமுத்து. நாற்காலி அவனைக் கொள்ளவில்லை. தாயில்லாப் பிள்ளை. தினமும் முதல் ஆட்டின் குண்டிக்காய் அவனுக்குத்தான். நெய்யில் வதக்கி, தன் கையாலேயே ஊட்டி வளர்த்தது.

நாற்பது வயது.

அவனுக்கு மூத்திரத்தில் ரத்தம் வந்து மூன்று வாரம். சூடு என்று இளநீர் கொடுத்திருந்தார்.

டாக்டரின் பேனா முனை படத்தின் ஓரத்தில் நின்றது. எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி.

“கிட்னியில புற்றுநோய். சுகர், பிரஷர், இந்த வயிறு, மூணும் சேர்ந்து இருக்கிறவங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். மாத்திரை கொடுத்தாங்களே, போட்டீங்களா?”

சோணைமுத்து அப்பாவைப் பார்த்தான்.

அவர் சுவரைப் பார்த்தார். மாத்திரை ரத்தத்தைச் சுண்ட வைக்கும். எல்லாவற்றையும் கடைக்குப் பின்னால் சாக்கடையில் கொட்டியது அவர்தான்.

“ஏம்மா, நான் எண்ணி முடியாத குண்டிக்காய் அறுத்தவன். கொழுப்பால கெட்டதுன்னு ஒண்ணு பார்த்ததில்ல. நீ எத்தனை அறுத்திருப்பே?”

“உங்க அளவுக்கு இல்லைங்கய்யா.” அவள் குரல் உயரவில்லை. “நான் அறுத்தவங்க எந்திரிச்சு வீட்டுக்குப் போவாங்க.”

தாளை மகன் முன்னால் நகர்த்தினாள்.

“இன்னும் வெளியே பரவலை. இந்த மாசமே எடுத்துட்டா பிழைச்சுக்கலாம். தள்ளிப்போட்டா என்னால சொல்ல முடியாது.”

சோணைமுத்து பேனாவை எடுத்தான். முனை தாளைத் தொட்டது.

“அப்பா…”

எலும்பி. தின்னத் தெரியாதவள். நல்ல ஆட்டைப் பார்த்து நோய் என்கிறாள்.

அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

“வாடா.”

“ஐயா, ஒரு நிமிஷம்…” என்றாள் டாக்டர்.

அவர் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

கையில் தழை கொடுத்து வளர்த்த ஆட்டுக்குக் கயிறு வேண்டியதில்லை. கத்தி இருக்கிற இடம் வரைக்கும் தானாகவே வரும்.

பின்னால் பேனாவை மேசையில் வைக்கும் சத்தம்.

பிறகு, செருப்புச் சத்தம்.