கொட்டாஞ்சேனைப் பிள்ளை

"இன்னொருக்காச் சொல்லு பாப்பம்."

மகளின் தலையை இரட்டைப் பின்னலாக இழுத்துக் கட்டிக்கொண்டே இராசமலர் கேட்டாள். மேடையேறப் போகிற பிள்ளைபோல வதனி கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊர்' நாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தங்கள் ஊர்ப் பொருள் ஒன்றைக் கொண்டுவந்து, அந்த ஊரைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும்.

"என்ர ஊர் கொட்டாஞ்சேனை."

"பிறந்தது?"

"கொட்டாஞ்சேனை."

"அப்பா?"

"சவூதியில."

"ஆரையும் கொண்டுவந்து நிப்பாட்டி, இந்த ஆளைத் தெரியுமோ எண்டு கேட்டால்?"

"தெரியாது."

"அந்த ஆள் உன்னைத் தெரியும் எண்டு சொன்னால்?"

"தெரியாது, தெரியாது, தெரியாது!" வதனி காலை உதறினாள். "எல்லாம் பொய்தானே அம்மா. நாங்கள் கிளிநொச்சிதானே."

இராசமலர் சட்டென்று பிள்ளையின் வாயைப் பொத்தினாள். ஜன்னல் திறந்து கிடந்தது. எட்டிப்பார்த்துச் சாத்திவிட்டு வந்தாள்.

சண்டை நடக்கிற வன்னிக்குள் இருக்கிற கிளிநொச்சியின் பேரைக் கொழும்பில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய காலமா அது? கொட்டாஞ்சேனைக்கு வருமுன் வெள்ளவத்தை லொட்ஜில் இருந்தபோது, பிடிபட்ட ஒரு பொடியனைக் காட்டிப் பொலிஸ்காரன் கேட்க, அடுத்த அறைக்காரி "ஓம் ஐயா, எங்கட ஊர்ப் பிள்ளைதான்" என்று வெள்ளைமனத்தோடு சொன்னாள். அவளையும் அதே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவள் போனவள்தான். அன்றைக்குத் தொடங்கிய பாடம் இது. வாய்ப்பாட்டைவிட இதைத்தான் வதனி நன்றாகப் பாடமாக்கி வைத்திருந்தாள்.

"மன்னார்ப் பிள்ளை கருவாடு கொண்டு வருதாம். ஹட்டன் பிள்ளை தேயிலைக் கொழுந்தாம்," என்றாள் வதனி. "நான் எங்கட வயலையெண்டாலும் கீறிக்கொண்டு போகட்டே?"

"ஹாபரைக் கீறு. ஒரு கப்பலும் கீறு. அதுதான் உன்ர ஊர்."

பிள்ளை நீலப் பென்சிலை எடுத்தது. ஐயோ, பெற்ற பிள்ளையின் வாயாலேயே சொந்த மண்ணை இல்லையென்று சொல்லவைக்கிற தாய் தன்னைத் தவிர வேறு யார் இருப்பாள் என்று இராசமலர் நினைத்துக்கொண்டாள்.

வதனியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை என்றபடியால் நேரே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்தாள். பிறப்பால் சைவம்தான். ஆனால் வன்னிக்குள் அகப்பட்டுக்கொண்ட கணவன் முத்துலிங்கம் வந்து சேர வேண்டுமென்று எந்த வாசலில்தான் அவள் மண்டியிடவில்லை? வன்னிப் பக்கம் வவுனியாவுக்குப் போகிற ஆட்களிடமெல்லாம் சொல்லி அனுப்பியாயிற்று. அடிக்கடி அறை மாறுகிறவள் என்ன விலாசம் சொல்வாள்? வதனி படிக்கிற பள்ளிக்கூடத்தின் பேரை மட்டும்தான் சொல்லிவிட்டிருந்தாள்.

மெழுகுதிரி கொளுத்திவிட்டு, வெயில் ஏறிய பிறகு அறைக்குத் திரும்பி, ஒரு வாய் தேத்தண்ணி குடித்திருக்க மாட்டாள். வீட்டுக்காரி நளீபா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"மலர், ஸ்கூல் கேட்டடில பொலிஸ் நிக்கிதாம்! இண்டைக்கு நேரத்தோட விட்ட புள்ளயளயும் மறிச்சுக் கேக்கிறானுவளாம். ஓடுங்க, ஓடிப்போய்ப் பாருங்க!"

இராசமலர் செருப்பையும் போடாமல் ஓடினாள். ஊர் நாள் பார்த்தா இந்தச் சனியன்கள் வர வேண்டும்! மேடையில் மற்றப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசிய உற்சாகத்தில் இதுவும் உண்மையைக் கக்கியிருந்தால்? காலையில் கண்ட முகம் கடைசி முகமாகிவிடுமோ?

பள்ளிக்கூட வாசலில் ஜீப் இல்லை. வதனி மட்டும் சுருட்டிய கப்பல் படத்தோடு படியில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஒரு வார்த்தை கேட்காமல், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, அறைக்கதவைப் பூட்டியபிறகுதான் இராசமலருக்கு வாய் வந்தது.

"என்ன கேட்டவங்கள்?"

"ஊர் கேட்டவங்கள். கொட்டாஞ்சேனை எண்டனான்."

"பிறகு?"

"ஜீப்பில ஒரு ஆளை வைச்சிருந்தவங்கள். மெலிஞ்சு, தாடியெல்லாம் வளந்து. இந்த ஆளைத் தெரியுமோ எண்டு கேட்டவங்கள்."

"கடவுளே! நீ என்ன சொன்னனீ?"

"தெரியாது எண்டனான். அந்த ஆள் என்னைப் பாத்து அழுதது. திருப்பியும் கேட்டவங்கள். தெரியாது எண்டனான். பிறகு கொண்டு போயிட்டாங்கள்."

இராசமலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகளை அள்ளி மடியில் இருத்திக் கன்னத்திலும் நெற்றியிலும் மாறி மாறிக் கொஞ்சினாள். "என்ர கெட்டிக்காரி! என்ர ராசாத்தி! ரெண்டு பேரையும் காப்பாத்திப் போட்டாய்!" எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

வதனி சிரிக்கவில்லை. காலையிலே வயல் கீற விடவில்லையென்ற கோபம் இன்னும் போகவில்லையாக்கும் என்று இராசமலர் நினைத்தாள்.

"நான் சரியாத்தானே சொன்னனான் அம்மா?"

"பிசகில்லாமல் சொன்னனீ குஞ்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான், பிடிபட்டவனை நினைத்து அவளுக்கு மனம் இளகியது. "பாவம், எவள் வயித்தில நெருப்போ. எங்கட ஊராளே? உனக்கு ஆரெண்டு விளங்கினதே?"

வதனி ஓம் என்று தலையாட்டினாள்.

"அப்பா."