பெயர் வைத்த பெட்டிகள்

திரையில் இரண்டு அம்புக்குறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒன்று அவளுடையது. மற்றது ஆரஞ்சு நிறம். அதன் வாலில் ஒரு பெயர்ச்சீட்டு: ஜெபராஜ்.

அவள் பெருங்குடி ஆபீசில். அவன் மார்த்தாண்டத்தில், தன் வீட்டு மாடியில். ஆனாலும் இந்த டிசைன் ஆப்பைத் திறந்துவிட்டால் இருவரும் ஒரே தாளில்தான் வரைவார்கள். அவன் கை எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

இன்று தெரியாமல் இருந்தால் தேவலை.

சாப்பிட எழுந்தபோது மேனேஜர் அவள் நாற்காலியோரம் வந்து குனிந்தார்.

“ஜெபராஜுக்கு இன்னியோட கடைசி. நாலு மணிக்கு எச்.ஆர். பேசிடுவாங்க. அதுக்குள்ள ஃபைல்லேருந்து அவரை நீ எடுத்துடும்மா. அதுவரைக்கும் மூச்சு விடாத.”

ஏன் சார் என்று கேட்டாள். அவர் மேலே கையைக் காட்டினார். மேலே ஏசிதான் இருந்தது.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்ப உட்கார்ந்தாள்.

அவனை இந்த வேலைக்கு இழுத்து வந்தவளே அவள்தான். ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டு, மணப்பெண்களின் பருக்களை அழித்துக்கொண்டு, அவன்பாட்டுக்கு இருந்தான். உன் கைக்கு ஆல்பம் எல்லாம் போதாது, வெப்சைட் பக்கம் வா என்று ஆசை காட்டினாள். நம்பி வந்தான். அந்த ஸ்டுடியோவில் அவன் இடத்தில் இப்போது வேறு ஆள்.

வேலையில் சூரன். அவனிடம் அவளுக்கு ஆகாதவை இரண்டுதான்.

கரண்ட் போய்விடுமோ என்று ஓயாமல் சேவ் பண்ணுவான். ஸ்டுடியோவில் தொற்றிய பழக்கம். இந்த ஆப்பில் அதற்கு வேலையே இல்லை, வரைய வரைய எல்லாம் தானாகப் பதிவாகிவிடும். சொன்னால் தலையாட்டுவான். அடுத்த நிமிடமே மறுபடி சேவ்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வரைந்த எதற்கும் பெயர் வைக்க மாட்டான். படம், பட்டன், தலைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்தால்தான் அடுத்து வருகிறவருக்கு எது எங்கே என்று புரியும். கொடுக்காவிட்டால் ஆப்பே செவ்வகம் 1, செவ்வகம் 2 என்று எண் போட்டுக்கொண்டு போகும். அவன் ஃபைல்கள் எல்லாம் செவ்வகக் காடு. அவளும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்துவிட்டாள்.

“எம் பிள்ளைக்குப் பேரு வைக்கவே ஆறு மாசமாச்சுக்கா,” என்பான். “பெட்டிக்கெல்லாம் பேரு கேட்டா எங்க போவேன்? எல்லாம் என் மண்டையில இருக்குல்லா. எங்கிட்ட கேளுங்க.”

ஆபீஸ் சாட் பக்கத்தைத் திறந்தாள். அவன் பெயர் அருகே பச்சைப் புள்ளி. ‘ஜெபா’ என்று எழுதினாள். அழித்தாள். அங்கே எழுதுவதை மேலே இருப்பவர்களும் படிக்க முடியும்.

போனை எடுத்தாள். மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து இவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

காலண்டரில் போய்ப் பார்த்தாள். அவனுடைய நாலு மணிக் கட்டத்தில் ‘சின்னப் பேச்சு’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். அவன் அதைப் பார்த்திருப்பானா? பார்த்தாலும் என்ன புரிந்திருக்கும்? வெள்ளை மனசுக்காரன்.

திரும்பி டிசைனுக்கு வந்தாள்.

பல் மருத்துவமனை ஒன்றின் வெப்சைட். ஆரஞ்சு அம்பு படத்தில் இல்லை. இடது ஓரத்தில், செவ்வகங்களின் வரிசையில் நின்றது.

‘செவ்வகம் 214’ அழிந்தது. அந்த இடத்தில் எழுத்து எழுத்தாக வந்தது: டாக்டர் படம்.

அம்பு ஒரு வரி இறங்கியது.

அப்பாயின்ட்மென்ட் பட்டன்.

இன்னொரு வரி.

அதே பட்டன், அழுத்திய பிறகு.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

நிழல். அழித்துவிட வேண்டாம், படம் தட்டையாகிவிடும்.

யாருக்காக எழுதுகிறான்? அவளுக்கு அந்த நிழலைப் பற்றித் தெரியுமே. அவள்தானே சொல்லிக்கொடுத்தாள்.



அவன் அவசரப்படவில்லை. ஒன்று விடாமல் இறங்கிக்கொண்டே போனான். மண்டையில் இருந்ததையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

ஃபைலைத் திறக்க அனுமதி உள்ளவர்களின் பட்டியலை எடுத்தாள். அவன் பெயரில் அழுத்தினாள். ‘நீக்கு’ என்று வந்தது. ஒரு விரல் அசைவு, அவ்வளவுதான். விரல் அசையவில்லை.

ஆரஞ்சு அம்பு வரிசையை விட்டுக் கிளம்பியது. வெள்ளைப் பரப்பைக் கடந்து அவள் அம்பு நின்ற இடத்துக்கு வந்தது. பக்கத்தில் நின்றது. அதன் ஓரமாக எழுத்துகள் முளைத்தன.

“முடிச்சிட்டேன்க்கா. சேவும் பண்ணிட்டேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்.”

எழுத்துகள் மங்கின. அவள் ஏதாவது சொல்வதற்குள் ஆரஞ்சு அம்பும் போய்விட்டது.

பட்டியலைப் பார்த்தாள். அவன் பெயர் இல்லை. தானே வெளியேறியிருந்தான்.

மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வரிசையில் மேலிருந்து கீழ்வரை ஒரு செவ்வகம்கூட மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது.

அவள் சேவ் பண்ணினாள்.

எல்லாம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றது ஆப்.

மறுபடியும் பண்ணினாள்.