அடிப்பக்கம்

பலகையைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒரு கீறல்கூட இல்லை.

புதுச் சிவப்பு. அவள் முகம் அதில் தெரிந்தது.

தம்பியின் படத்துக்கு முன்னால் அதை வைத்திருந்தார் அப்பா. பக்கத்திலேயே இலை போட்டு வஞ்சிர வறுவல், முறுக்கு, ஒரு கோலி சோடா. காய்ச்சலில் போன செழியனுக்கு இன்று முதல் வருஷம். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும். அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இந்த ஸ்கேட்போர்டுதான்.

அந்தக் காலத்து வடிவம். அகலப் பலகை, தடித்த சக்கரங்கள். கோவளத்தில் அலைச்சறுக்கு சொல்லித்தரும் நண்பனிடம் கெஞ்சி வாங்கி வந்தான். சக்கரம் வைத்த மணை என்பார் அப்பா. அதில் ஏறி நின்றால் சோறு கிடைக்குமா என்றும் கேட்பார்.

அப்பா கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அடிபட்டு வரும் வண்டி எதுவும் அவர் கையில் புதிதாகிவிடும். கீறல் என்றாலே அவருக்கு ஆகாது.

"புள்ள சாமான் அசிங்கமா இருக்கக்கூடாதுல்ல" என்றார்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்தக் கீறல்களில்தான் அவன் இருந்தான். வேறெங்கும் இல்லை.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். உப்புத்தாளால் பலகையைத் தேய்த்துத் தேய்த்து அப்பாவின் விரல் நுனிகள் தோலுரிந்திருந்தன.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் பலகையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டார். சொன்னாள். சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் வந்தார். அவன் இருந்தவரை ஒருநாளும் வந்ததில்லை.

மூடிக்கிடக்கும் ரிசார்ட். காவலாளிக்கு அவளைத் தெரியும், உள்ளே விட்டார். பின்பக்கம் தண்ணீரில்லாத நீச்சல் குளம். பெரிய நீலக் கிண்ணம்.

அவன் எப்படி விளையாடுவான் என்று கேட்டார்.

கையால் காட்டினாள். மேலிருந்து இறங்குவான். எதிர்ச்சுவரில் ஏறுவான். விளிம்பில் பலகையின் அடிவயிறு உரசி ஒரு நொடி நிற்கும். திரும்பவும் இறங்குவான்.

அப்பா விளிம்பருகே குந்தினார்.

சிமெண்டில் சிவப்புக் கோடுகள். வெயிலில் வெளுத்தவை. ஒன்றின்மேல் ஒன்றாக.

நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.



"இதையாம்மா நான் தேச்சேன்?"

அவள் குளத்தின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே கொஞ்சம் சருகு கிடந்தது.

அப்பா கையை நீட்டினார். பலகையைக் கொடுத்தாள். சக்கரங்கள் மேலே இருக்க வேண்டுமா கீழேயா என்று தடுமாறினார். பிறகு அடிப்பக்கத்தை விளிம்பில் வைத்து, முழங்காலால் அழுத்தி, பலங்கொண்ட மட்டும் தள்ளினார்.

காது கூசியது.

தூக்கிப் பார்த்தார். புதுச் சிவப்பில் ஒரு கீறல். நூல் பிடித்தாற்போல் நேராக.

செழியனுடையது ஒன்றுகூட நேராக இருந்ததில்லை.

அப்பா மறுபடியும் அழுத்தினார்.