எலும்புப் பெட்டி

குழியோரம் அனெஸ்தி தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே அவர் மனைவியின் எலும்புகள், ஊர் வழக்கப்படி சில வருடம் கழித்துக் கல்லறையிலிருந்து எடுத்து, திராட்சை மதுவில் கழுவித் துணியில் முடிந்தவை. எதிர்க்கரையிலிருந்து ஊரே உயிர் தப்பி ஓடிவந்த நாளில் அவர் தூக்கிக்கொண்டது இது ஒன்றைத்தான். ஐந்து வருடமாகக் கட்டிலுக்கடியில் இருக்கிறது. புது ஊருக்கு இன்றைக்குத்தான் கல்லறைத் தோட்டம் திறக்கிறார்கள். பாதிரியாரின் தூபப் புகை கடல்காற்றில் கலைகிறது.

“குடுங்கப்பா, அம்மா மண்ணுல தூங்கட்டும்,” மகள் எவந்தியா கை நீட்டுகிறாள்.

“யாரு மண்ணு? கப்பல்ல ஏத்தும்போது மூணு மாசத்துல திரும்பிடலாம்னான் பாரு ஒரு ஆபீசர், அவனைக் கூப்பிடு. அவன் புதைக்கட்டும்.”

குழி வெட்டிய புரோட்ரொமோஸ், அதே கப்பலில் வந்தவன், வியர்வையை வழிக்கிறான். “அண்ணியைக் கட்டிலுக்கடியில போட்டு வச்சிருக்கீங்களே அண்ணே, உயிரோட இருந்தா சும்மா விட்டிருப்பாங்களா?”

யாரோ சிரித்து, சட்டென்று அடக்குகிறார்கள். எதிர்க்கரை மலை வெயிலில் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. அனெஸ்தி அந்தப் பக்கம் திரும்பவில்லை. குழியையே பார்க்கிறார், கட்டைவிரல் பெட்டி மூடியின் துருவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது.

“இவ்வளவு ஆழம் எதுக்குடா? திரும்பிப் போகும்போது நான்தானே தோண்டி எடுக்கணும்?”

புரோட்ரொமோஸ் மண்வெட்டியை எடுத்து, வெட்டிய மண்ணில் பாதியைக் குழிக்குள் தள்ளுகிறான்.