புது பேட்டரி

"இருக்கறதிலேயே சின்னது எது?" என்றார் பெரியவர்.

கடைக்காரர் மூன்று ஜம்ப் ஸ்டார்ட்டர்களை எடுத்து வைத்தார். பெரியவர், காலமெல்லாம் சிமெண்ட் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கையால், ஒவ்வொன்றையும் தான் கொண்டுவந்த, குழந்தைத் துணிகள் அடைத்த சின்னப் பைக்குள் வைத்துப் பார்த்தார். கைப்பேசி அளவில் இருந்தது மட்டும் அடங்கியது.

"பேட்டரி சுத்தமா செத்துக் கிடந்தாலும் இது காரைக் கிளப்புமா?"

"கிளப்பும். சிவப்பு கிளிப் பிளஸ்ல, கறுப்பு மைனஸ்ல. மாத்திப் போட்டாலும் பொறி பறக்காது."

"கைக்குழந்தையோட ஒரு பொம்பளை தனியா மாட்டிடலாமா?"

"ரெண்டே நிமிஷம். பொண்ணுக்கா? புது பேட்டரி போட்டா தீர்ந்துது, பெரியவரே!"

"புதுசு போட்டு ஒரு மாசம்தான் ஆகுது. ராத்திரி லைட்டு எரிஞ்சுக்கிட்டே கிடக்குது."

"தினமுமா? மறதிக்கு நான் மருந்து விக்கலையே!"

கடைக்காரர் மட்டும்தான் சிரித்தார்.

"டப்பாவை இங்கேயே போட்டுடுங்க. பில்லும் வேணாம்."

"பில் இல்லாம வாரண்டி கிடையாதுங்க."

"ஒரே ஒரு தடவை கிளம்பினா போதும், தம்பி."

அதைப் பேத்தியின் சட்டைக்குள் சுருட்டி, பையின் அடியில் செருகினார். இந்தப் பையைக் கொடுக்க மட்டும்தான் மாப்பிள்ளை அவரை வாசல்வரை விடுவான்.

அவனுக்கு மறதியே கிடையாது. படுக்கப் போகுமுன் அவனேதான் கார் லைட்டைப் போட்டுவிடுவான். விடிந்ததும் பைக்கில் வேலைக்குப் போய்விடுவான். ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளித் தனிவீடு. ஆனாலும் பெண்டாட்டியை அடைத்து வைத்திருக்கிறான் என்று எவனும் சொல்ல முடியாது.

கார் சாவி எந்நேரமும் அவள் கண்ணெதிரே ஆணியில்தான் தொங்குகிறது.